நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டர்

வியாழக்கிழமை காலை மணி பதினொன்று பத்து. ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே, ஸ்வெட்டர் கடையின் மாடியில் இருந்த எங்கள் கிளை அலுவலகத்தில், கணினித் திரையில் ஒரு மின்னஞ்சல் வந்து நின்றது. வருமான வரித் துறையின் அறிவிப்பு. அப்படி வாரத்துக்கு நாலைந்து வரும். பதற்றப்படுவது என் வழக்கமில்லை. பெயரைப் படித்த பிறகுதான் மவுஸைப் பிடித்திருந்த கை நின்றது. பிரகாஷ். என் மகன்.

பக்கத்து நாற்காலியில் ஆடிட்டர் ஐயா உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறி வந்தால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவார். அதுவரை யாரும் கோப்பைத் திறக்கக் கூடாது. அன்று பத்து நிமிடம் முடியும் முன்பே கண்ணைத் திறந்துவிட்டார்.

"யாருங்க அம்மிணி இது, நம்ம லிஸ்டுல இல்லாத பேரு?"

"என் பையனுங்க ஐயா."

"அவருக்கு எதுக்குங்க நம்ம ஆபீஸ் மெயிலு?"

நான் அந்த மின்னஞ்சலை மூடினேன். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

அந்தக் கிளை இப்போது இல்லை. எல்லாமே கணினியில் நடப்பதால் மலையில் ஒரு அலுவலகம் தேவையில்லை என்று மூடிவிட்டார்கள். சேலம் அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள், மலை நிலங்களின் கோப்புகளை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று அலுவலக மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லபடியாக முடிந்த கோப்புகளை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வந்தது அது இல்லை.

நான் நாகலூரில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து காபி பறிக்க வந்த குடும்பம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லித்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். சேலத்தில் பி.காம்., பிறகு தட்டச்சு, பிறகு ஆடிட்டர் ஐயாவிடம் வேலை. முதல் இரண்டு வருடம் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியதைத் தவிர நான் எதுவும் செய்ததாக நினைவில்லை. கல்யாணமாகி மலைக்கே திரும்பியதும், ஏற்காட்டில் கிளை போட்டு என்னை அதற்குப் பொறுப்பாக்கினார். அவர் வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, மேலே வருவார்.

நிலம் வாங்கி விற்றவர்களின் கோப்பு என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. நகல் பத்திரத்தைத் தொடமாட்டார். அசல் வந்தாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தைத்தான் முதலில் படிப்பார். நாலு எல்லையையும் விரலை வைத்து வாய்விட்டு வாசிப்பார். பிறகு அடங்கல் கணக்கு. அதில் என்ன பயிர் என்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். காபி விற்ற சீட்டு, பறிப்புக்கூலி நோட்டு. இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்த்து மூன்று கேள்வி கேட்பார். என்ன விளைந்தது? யார் பறித்தார்கள்? எதற்கு வாங்கினீர்கள்?

மூன்றாவது கேள்விதான் கோப்பைத் தீர்மானிக்கும். வைத்திருக்க வாங்கிய நிலமா, விற்பதற்கென்றே வாங்கியதா என்பதைப் பொறுத்து வருமான வரியின் போக்கே மாறிவிடும். அதைப் பத்திரத்தில் யாரும் எழுதுவதில்லை. ஆள் வாயால்தான் வர வேண்டும்.

மலையில் பலருக்கு வருமான வரியைவிட சேல்ஸ் டாக்ஸ் மேல்தான் பயம் அதிகம். ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறி இத்தனை வருடமாகியும் இங்கே அதைச் சேல்ஸ் டாக்ஸ் என்றே சொல்வார்கள். ஒரு முறை மாரமங்கலத்திலிருந்து மிளகு விவசாயி ஒருவர் வந்தார். தோட்டத்தின் ஒரு மூலையை மனையாகப் பிரித்து விற்றிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க, மண்ணுக்கு சேல்ஸ் டாக்ஸ் உண்டுங்களா?"

"மண்ணுக்கு இல்லீங்க," என்றார் ஐயா. "பத்திரச் செலவு வாங்குனவரு கட்டியிருப்பாரு. வித்த லாபத்துக்கு வருமான வரி உண்டா இல்லையான்னு பாக்கோணும். சேல்ஸ் டாக்ஸ் இல்ல."

"அப்பச் சரிங்க." அவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. இந்தச் சீட்டு என்னங்க?"

"அதுங்களா, மட்டம் பண்ணி ரோடு போட்டுக் குடுத்தேன். அதுக்குத் தனியா வாங்குனது."

"ரோடு போட்டுக் குடுத்தது வேலைங்க. மண்ணு இல்ல. தனியா காசு வாங்கிச் செஞ்ச வேலை அளவு தாண்டுனா, அதுக்கு சேல்ஸ் டாக்ஸ் உண்டு."

"அட, ரோட்டையும் மண்ணு மேலதானுங்க போட்டேன்."

ஐயா சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். அவர் சிரிப்பதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தம் இருந்ததில்லை.

இன்னொருவர் சேலத்தில் ஜவுளி வியாபாரி. கரடியூர்ப் பக்கம் இரண்டு வருடத்தில் நாலு இடம் வாங்கி நாலையும் விற்றிருந்தார். நாலுமே விவசாயத்துக்காக வாங்கியது, அதனால் வரி இல்லை என்பது அவர் கட்சி. ஐயா மறுக்கவில்லை.

"காபி நல்லாப் பூத்துச்சுங்களா?"

"கொள்ளையா பூத்துதுங்க. தீபாவளிக்குப் பாக்கோணுமே, தோட்டமே வெள்ளையா இருந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் மலையில் காபி கோடைமழைக்குப் பூக்கும். தீபாவளி சமயத்தில் செடியில் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். லைன் வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"நீங்க தோட்டம் வாங்கலீங்க, சரக்கு வாங்கியிருக்கீங்க," என்றார் ஐயா. "வியாபாரம்னே எழுதிருவம்."

"வேற ஆடிட்டருகிட்டப் போனா விவசாயம்னே எழுதித் தருவாருங்க."

"போயிட்டு வாங்க. அம்மிணி, இவருக்கு ஒரு டீ சொல்லுங்க, கீழ எறங்கறதுக்குள்ள குளிரும்."

கோபம் வந்தாலும் அவர் அப்படித்தான். டீ சொல்லுவார். அந்த வியாபாரி டீயைக் குடித்துவிட்டு, வியாபாரம் என்றே எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராமத்து விவசாய நிலத்தை விற்றால், அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் அது நகரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து அந்தத் தூரம் மாறும். கீழே சேலம் மாநகராட்சிக்கு ஆறு கிலோமீட்டர். முன்பெல்லாம் இதைச் சாலை வழியாகக் கணக்கிட்டுவந்தோம். அப்படிப் பார்த்தால் எங்கள் மலையில் ஏறக்குறைய எல்லா நிலமும் தப்பித்துவிடும். சாலை அத்தனை வளைவு வளைந்துதான் மேலே ஏறுகிறது.

பத்து வருடத்துக்கும் மேலிருக்கும், சட்டத்தில் அதை மாற்றினார்கள். அடுத்த வியாழக்கிழமை ஐயா ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மேசை முழுவதும் விரித்து நாலு மூலையிலும் கோப்புகளை வைத்தார்.

"இனிமே பஸ்ஸு போற தூரம் இல்லீங்க அம்மிணி. நூல் புடிச்சாப்புல நேர்கோடு. ஆகாசத்துல அளக்கற மாதிரி."

"அப்ப ரோடு எதுக்குங்க ஐயா?"

"ரோடு நாம வூடு போய்ச் சேர்றதுக்கு."

அன்றைக்கே கோப்பு அட்டைகளில் "தூரம்: நேர்கோடு" என்று ஒரு வரியை நான்தான் தட்டச்சு செய்து ஒட்டினேன். அதற்குப் பிறகு தென்சரிவில், நகரத்தைப் பார்த்து இறங்கும் பக்கத்தில் இருந்த நாலு நிலங்களுக்கு நானே அளவுகோல் வைத்து அளந்திருக்கிறேன். அதில் ஒன்று எல்லைக்குள் வந்தது. அந்தக் குடும்பம் வரி கட்டியது. இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பிரகாஷ் எங்கள் ஒரே பிள்ளை. ஓட்டல் நிர்வாகம் படித்து, வெளியூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, விருந்தினர் விடுதிகளுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் வேலை செய்தான். பதினான்காவது வளைவுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் காபி நிலம் கடனில் வாங்கினான். ஒரு போகம் பறித்தோம்; நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பறித்தேன். பதினான்கு மாதத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி அவன் நினைத்துப்பார்க்காத விலை சொன்னார்கள். விற்றான். கடனை அடைத்து, மீதியில் சேலத்தில் சிறிய வீடு ஒன்று வாங்கிக்கொண்டு மருமகளோடும் இரண்டு வயதுப் பேரனோடும் குடிபோனான்.

அந்த வருடக் கணக்கை அலுவலகத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும். நான் வீட்டில் வைத்து எழுதினேன். காரணத்தை இப்போது மறைப்பதில் பயனில்லை. அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் ஐயா என் மகனை எதிரே உட்காரவைத்து மூன்றாவது கேள்வியைக் கேட்பார். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பதில் என் காதில் விழ வேண்டாம் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கார்ப்பரேஷன் எல்லையில இருந்து பதினாலாவது வளைவு எத்தனை கிலோமீட்டருங்க?"

"பதினேழு," என்றார், பேப்பரை இறக்காமல். "முன்னாடி லோடு லாரி போச்சுன்னா முப்பதுன்னு வெச்சுக்க."

"வெளையாடாதீங்க."

"பதினேழுதான் புள்ள. எத்தனை தடவை மீட்டரப் பாத்திருக்கேன். எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

கிராம நிர்வாக அலுவலரிடம் தூரச் சான்று கேட்டு வாங்கினேன். சாலை வழியாகப் பதினேழு கிலோமீட்டர் என்று, நான் கேட்டதற்குச் சரியாகவே எழுதிக் கொடுத்தார். பிரகாஷ் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, "இது போதுமா, தூரம் கீரம் வேற எதாச்சும் பாக்கணுமாம்மா?" என்று கேட்டான். "பதினாலு வளைவு ஏறி வரணும் கண்ணு. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது," என்றேன். மலையில் பிறந்தவளுக்குத் தூரம் என்றால் வளைவுதான். பஸ் திணறிக்கொண்டு ஏறுகிற ஒன்றைப் பக்கம் என்று மனம் எண்ணுவதில்லை. ஆனால் மற்றவர்களின் நிலத்தை அளக்கும்போது அந்த மனதை நம்பாமல்தானே அளவுகோலை எடுத்தேன்? மகனின் நிலத்துக்கு எடுக்கவில்லை. வரி இல்லை என்று எழுதி, சான்றை இணைத்து அனுப்பினேன். அவனுக்கு வரும் கடிதங்களை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்தேன்.

அந்த விற்பனைக்கு வரி ஏன் கட்டவில்லை என்று கேட்டுத்தான் அறிவிப்பு வந்திருந்தது. இவ்வளவையும் அந்த வியாழக்கிழமை ஐயாவிடம் சொன்னேன்.  அவர் எழுந்துபோய் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மாநகராட்சி எல்லைக் கோட்டை விரலால் தேடிக் கண்டுபிடித்து, நிலத்தின் சர்வே எண்ணைத் தேடி, பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தார். நடுவில் அளவுகோலை வைத்தார்.

ஐந்து கிலோமீட்டர் எழுநூறு மீட்டர்.

"கொஞ்சம் மேல வெச்சுப் பாருங்களேன் ஐயா," என்றேன். "நெலம் மேல வரைக்கும் போகுதுங்க."

அவர் அளவுகோலை என் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுக் காட்டுங்க அம்மிணி."

நிலத்தின் மேல் மூலையில் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கிறது. அந்த மூலைக்கு வைத்தேன். ஐந்து எண்ணூறு. எல்லைக் கோடு சற்று உள்வாங்கி இருக்கும் இடத்திலிருந்து வைத்தேன். அது பிழை என்று எனக்கே தெரியும். மிக அருகிலிருக்கும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். அப்போதும் ஆறுக்கு ஒரு நூலிழை உள்ளேதான் வந்தது. அளவுகோல் நகர்ந்தது. திரும்ப வைத்தேன். ஐயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அளந்து முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க ஐயா."

"அப்ப வரி உண்டு. வட்டியும் உண்டு. அதுல பேச்சு இல்ல. பேச்சு அபராதத்துலதான்."

அபராதத்தைப் பற்றிச் சேலம் அலுவலகப் பெண்கள் படித்திருப்பார்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் அதற்குரிய வரியில் பாதி. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் வரியைப் போல் இரண்டு மடங்கு. எதையும் மறைக்கவில்லை, கொடுத்த விளக்கம் நேர்மையானது என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் அபராதமே இல்லாமல் போகலாம். வரியையும் வட்டியையும் எங்கள் சேமிப்பைக் கொண்டு கட்டிவிட முடியும். இரண்டு மடங்கு அபராதம் வந்தால் பிரகாஷ் சேலத்து வீட்டை விற்றாக வேண்டும். அதைவிட, தெரிந்தே பொய் சொன்னவன் என்று ஒரு உத்தரவில் அவன் பெயர் ஏறும். எனக்குத் தூக்கம் போனது அந்த வாசகத்தை நினைத்துத்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நான் ஓட்டுன தூரத்தைத்தான சொன்னேன்," என்றார். பிறகு நாலைந்து நாள் அவர் யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால்கூடக் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை பிரகாஷை வரச் சொன்னார் ஐயா. நான் எதற்குப் பயந்து கணக்கை வீட்டில் வைத்து எழுதினேனோ, அதே நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அசல் பத்திரம், அடங்கல், பறிப்புக்கூலி நோட்டு. முதல் இரண்டு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னான். காபியும் ஊடுபயிராக மிளகும். பறித்தது நாங்களும் நாகலூர் ஆட்கள் ஐந்து பேரும்.

"எதுக்கு வாங்குனீங்க தம்பி?"

"வெச்சுக்கலாம்னுதானுங்க. நல்ல வெல வந்துச்சு, குடுத்துட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. அது உண்மை. அந்த நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்ட அவன் வரைந்து வைத்திருந்த தாளை நான் பார்த்திருக்கிறேன். ஐயா வழக்கமாக அங்கே நிறுத்திவிடுவார். அன்றைக்கு நாலாவதாக ஒன்று கேட்டார்.

"தூரத்தை நீங்க பாத்தீங்களா?"

"அம்மாதானுங்க பாத்தாங்க."

ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு அவனையே சிறிது நேரம் பார்த்தார். பரிதாபப்படுகிறார் என்று நினைத்தேன்.

இப்போதெல்லாம் அதிகாரியின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறார் என்றுகூடத் தெரியாது. முன்பு கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரே போவோம். எதிரே நிற்பவரின் குரலை, கையை எல்லாம் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வருவார். இப்போது நாம் எழுதி அனுப்பும் எழுத்து மட்டுமே அங்கே போய் நிற்கிறது. அதனால் பிழை எப்படி நடந்தது என்று நானே ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

"உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க," என்றார் ஐயா. "அழகா எழுத வேண்டாம்."

மூன்று நாள் எழுதினேன். இத்தனை வருடம் வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான் என்று எழுதினேன். சட்டம் தெரிந்தும் அளக்காமல் விட்டதை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் கேட்ட கேள்வியை எழுதினேன். கடைசியில், இந்த விவரம் எதுவும் என் மகனுக்குத் தெரியாது, அவன் என் சொல்லை மட்டுமே நம்பினான் என்று எழுதினேன். ஐயா ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்து வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா ஐயா?"

அவர் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அன்றே வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னேன். "கோப்பு முடியற வரைக்கும் இருங்க," என்றார். "நடுவுல போனா ஓடிப்போன மாதிரி இருக்கும். முடிஞ்சதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

கோப்பு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் வரித் துறையின் இணையதளத்தைப் பார்ப்பேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பு ஒரு முறை. ஷட்டரை இறக்கும் முன்பு ஒரு முறை. பேரனைப் பார்க்கச் சேலம் போனால் அந்த வீட்டின் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மருமகள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. "காபி குடிங்கத்தை," என்று டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிரகாஷ் போனில் சுருக்கமாகப் பேசினான். மேலே வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. என் பிழைக்காக அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன்.

முதலில் வரி உத்தரவு வந்தது. கட்டினோம். பிறகு அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று கேட்டு இன்னொரு அறிவிப்பு. பிரமாணப் பத்திரத்தை இணைத்துப் பதில் அனுப்பினோம். நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. தாயின் அனுபவத்தை நம்பியதால் நேர்ந்த பிழை, விளக்கம் நேர்மையானது, அபராத நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஐயா அதை இரண்டு முறை படித்தார். "முடிஞ்சுதுங்க அம்மிணி," என்றார். அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். ஐயா என்னை அனுப்பிவைக்க மாடியிலிருந்து இறங்கி, எதிரே இருந்த பஸ் நிலையம்வரை கூடவே வந்தார்.  அடுத்த வருடம் கிளையும் மூடப்பட்டது.

அபராதம் நீங்கிவிட்டது என்பதால் மனது நேராகிவிடவில்லை. இன்றைக்கும் போனில் செய்தி வரும் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. இளையவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக் கோப்பை நீங்கள் எழுதாதீர்கள், அடுத்த மேசைக்குக் கொடுங்கள். இந்த வரியோடு கட்டுரையை முடித்திருந்தேன். மலரில் போடும் முன்பு, அவன் கதையும் இதில் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று பிரகாஷுக்கு அனுப்பினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவனே வந்தான். தனியாக வந்திருந்தான். நான் அனுப்பியதை அச்செடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவன் அப்பா கடைக்குப் போயிருந்தார். சமையலறை வாசலில் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, நான் அளந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "எதை சாமி?"

"தூரத்தை. நீ அந்தக் கணக்கை எழுதறதுக்கு மொத நாளு. வித்துக் குடுத்த புரோக்கரு சொன்னான், இப்பல்லாம் நேர்கோடுதான், போன்லயே மேப்புல அளந்து பாருன்னு. அளந்தேன். அஞ்சே முக்கால்னு காட்டுச்சு."

அடுப்பில் பால் இருந்தது. அணைத்தேன்.

"அதைக் கேக்கலாம்னுதான் அன்னைக்கு உம் பக்கத்துல வந்து நின்னேன். தூரம் எதாச்சும் பாக்கணுமான்னு கேட்டேன். பதினாலு வளைவு, என்ன இருக்குதுன்னு சொல்லிட்ட. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு."

"ஐயா கேட்டாரே உன்னை?"

"கேட்டாரு. நான் பொய் சொல்லல, அம்மா பாத்தாங்கன்னு சொன்னேன். அதுதான் இத்தனை நாளா நெஞ்சுல கெடக்குது. உன் மூஞ்சியப் பாக்க முடியலன்னுதான் வரல. கோவம்லாம் இல்ல."

 கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரத்தின் கடைசி வரி, ஐயாவின் விரல் நின்ற வரி, எழுத்து எழுத்தாக எனக்கு நினைவிருந்தது.

"இப்ப அதைச் சொன்னா அபராதம் திரும்ப வரும் கண்ணு," என்றேன். எனக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"வரட்டும். காலைல ஐயா ஊட்டுக்குப் போயிச் சொல்லிட்டுத்தான் வர்றேன். எழுதிக் குடுக்கோணும்னு சொல்லியிருக்காரு. ஊட்டை விக்கறதா இருந்தாலும் வித்துக்கலாம்னு அவகிட்டயும் பேசிட்டேன்."

"ஐயா வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. டீ குடுத்தாரு."

மடித்து வைத்திருந்த தாளை எடுத்துச் சமையல் மேடையில் விரித்தான். ஒரு இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தான்.

"இதை நீ அச்சுக்குக் குடும்மா. ஆனா எனக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கற எடத்துல, தெரியும்னு எழுது."